சந்திரம்மா அறுத்த வலை

குடிபாலா பக்கத்து ஏரியில் சந்திரம்மா மட்டிச் சிப்பி எடுப்பது காலால்தான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கட்டைவிரலால் சேற்றைத் துழாவுவாள். மட்டி முக்கால் உடம்பைப் புதைத்து, உதட்டை மட்டும் வெளியே நீட்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பட்டதும் விரலிடுக்கில் கவ்வித் தூக்குவாள். உள்ளங்கைக்குச் சிறியதென்றால் திரும்ப வீசிவிடுவாள். வீட்டுக் குழம்புக்குப் போக மிச்சத்தையெல்லாம் வாத்துத் தீனிக்கென்று வாத்து மேய்ப்பவர்களிடம் விற்றுவிடுவாள். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த ஏரிதான். அவள் வாய்க்குப் பயந்து வேறு யாரும் மட்டிக்கு இறங்குவதில்லை.

அதே ஏரியில் மீன் வளர்க்கக் குத்தகை எடுத்த லோகேஸ்வரனை அவளுக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது. ஒரு நாள் அவன் ஒரு ரோகு மீனின் செவுளைப் பிளந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். உள்ளே ரவை ரவையாக வெள்ளைப் பொட்டு.

“பாரு, உன் மட்டி போட்ட குஞ்சு. என் மீன் செவுள்ல ஒட்டிக்கினு ரத்தத்தைக் குடிச்சிக்கினு கீது. நாளையிலேர்ந்து ஏரியில கால வெக்காத.”

“மட்டி இன்னா உன் மீனு வூட்டுலயா புள்ள பெத்துக்குது? சீக்கு மீனை வளத்துட்டு என் மேல பழி போடுறியா? கட்டையில போறவனே.”

சேற்றில் கிடப்பதற்குச் சேற்றில்தானே குஞ்சு பிறக்கும்? புளுகுகிறான் என்றே நம்பினாள்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தது. மீன் தப்பாமலிருக்க அங்கே அவன் கட்டியிருந்த வலையை, ஆளில்லாத மத்தியானத்தில் அரிவாளால் அறுத்துவிட்டாள். மீன்கள் வெள்ளத்தோடு போயின. மிச்சத்தை வாரிக்கொண்டு, குத்தகையை விட்டுவிட்டு, லோகேஸ்வரன் சித்தூர் ரோட்டில் கோழிக்கடை போட்டான். சந்திரம்மா சிரித்த முகத்தோடு திரிந்தாள்.

மூன்றாம் கோடையில்தான் அவள் காலுக்கு உறைத்தது. அகப்பட்டதெல்லாம் ஓடு தேய்ந்த கிழட்டு மட்டி. திரும்ப வீச ஒரு சின்ன மட்டிகூட இல்லை; காலை உரச ஒரு மீனும் இல்லை. நின்ற இடத்தில் அந்த ரவைப் பொட்டு ஞாபகம் வந்தது. மீன் செவுளில் கொஞ்ச நாள் ஒட்டி வளர்ந்துதான் குஞ்சு சேற்றுக்கு இறங்கும். அந்தப் பாவி சொன்னது நிஜம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்தியிருக்கிறாள்.

ஈரப் புடவையோடு கோழிக்கடைக்குப் போனாள்.

“லோகேசு, மறுபடி ஏரியில மீன் உடுப்பா. வலை பக்கம் நான் வரமாட்டேன்.”

அவன் கத்தியைத் துடைத்தான். “அறுத்தது நீன்னு அன்னிக்கே தெரியும். நீ மட்டி எடுக்கறத ரோட்டுலேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன். எடு, எடு, இன்னும் எவ்ளோ கீதுன்னு பாக்கலாம்னு. எனக்குப் போனது ஒரு வருசத்து மீனு. உனக்கு?”

லோகேஸ்வரன் அடுத்த ஆளுக்குக் கோழியை எடை போட்டான்.