ஆனந்தபாய் பிடுங்கிய முளைகள்

பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவே, ரோட்டோரம் முக்கால் ஏக்கர் வயல் வைத்திருந்தாள் ஆனந்தபாய். இலங்கைத் தோட்டத்துக்குப் போன புருஷன் திரும்பவில்லை. உழவுக்கு ஆள் பிடிப்பதும் வரப்பு வெட்டுவதும் அவளேதான்.

ரோட்டை அகலப்படுத்த சர்க்கார் ஆட்கள் மூன்று வருஷத்தில் மூன்று முறை வந்தார்கள். ஒவ்வொரு முறையும் புது இன்ஜினீயர், புது வரைபடம், நட்ட நெல்லை மிதித்து அடித்த புது அளவு முளைகள். வயல் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் கடந்து போக முதல் படத்தில் ஒரு கலுங்கு இருந்தது. மூன்றாவதில் இல்லை.

"கலுங்கு எங்க சாரே?" என்று ஓவர்சியர் குற்றாலிங்கத்திடம் கேட்டாள்.

அவருக்குப் பொய் சொல்ல வராது. "மூணு தடவ சர்வேயும் பிளானும் போட்டதுல எஸ்டிமேட்டு தாண்டிப் போச்சு. செலவக் குறைக்கணும்னு மேல உத்தரவு. கலுங்கத்தான் வெட்டியாச்சு."

"படம் வரைய பைசா உண்டு, தண்ணி போக வழி கெடையாதா? நீங்க மாத்தி மாத்தி வரைஞ்சதுக்கு எனக்க நெல்லாக்கும் அழுகணும், இல்லியா?"

அவர் கண் முன்னாலேயே முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ரோட்டில் எறிந்தாள்.

அது 1954 ஆவணி. திருவிதாங்கூரின் தமிழ் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. இன்ஜினீயர் புகார் கொடுத்தார். போலீஸ் அவளை எல்லைக் கலகக்காரி என்று எழுதிப் பதினெட்டு நாள் லாக்கப்பில் வைத்தது.

வெளியே வந்தபோது போராட்டக்காரர்களில் ஒருவனான ஞானசிகாமணி மாலையோடு நின்றான். "தமிழுக்காக ஜெயிலுக்குப் போன அக்கா!"

மாலையை வாங்கி அவன் கையிலேயே திணித்தாள். "எலே, எந்த ராஜ்யமானாலும் தண்ணி பள்ளத்துக்காக்கும் ஓடும். கலுங்கு வாங்கித் தருவியா? அதச் சொல்லு."

"ராஜ்யம் கெடச்சா எல்லாம் கெடைக்கும், அக்கா."

அவள் காறித் துப்பிவிட்டு நடந்தாள்.

மறு வருஷம் கலுங்கில்லாமலே ரோடு முடிந்தது. ஐப்பசி மழையில் வயல் குளமாயிற்று. நெல் முங்கிய மூன்றாம் நாள், பட்டப்பகலில், கடப்பாரையும் மம்பட்டியும் கொண்டுபோய் ரோட்டைக் குறுக்கே வெட்டினாள். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. டிரைவர்கள் ஏசினார்கள், அவர்களைவிட உரக்க அவள் ஏசினாள். ஆட்கள் வந்து மூடினார்கள். கார்த்திகையில் மறுபடியும் வெட்டினாள்.

இரண்டு தடவை மூடிய செலவுக்கு ஒரு குழாயே பதித்திருக்கலாம் என்று குற்றாலிங்கம் மேலே எழுதினார். தை மாதம் குழாய் பதித்தார்கள்.

ஆனந்தபாய் குனிந்து பார்த்தாள். ஒன்றரைச் சாண் வாய். "இதுல தவளையாக்கும் போகும்," என்றாள்.

1956இல் எல்லை பிரித்தபோது பாறசாலை கேரளத்தில் நின்றது. யாரோ வந்து சொன்னார்கள். அவள் நிமிரவில்லை, குழாயில் அடைத்த சேற்றை வாரிக்கொண்டிருந்தாள், ஏசிக்கொண்டே.