தெற்குப் பிரான்ஸ் கடற்கரையில் என் வேலை

இன்று மகனோடு, பிரெஞ்சு பேசும் எங்கள் ஊரின் டவுன்டவுனில் ஒரு பயண முகவரிடம் போனேன். கடல் தாண்டி, தெற்குப் பிரான்ஸில், மத்தியதரைக் கடலோர ஊர் ஒன்றில் குடும்பமாக ஒரு கிழமை, ஏழு நாள், விடுமுறை. பாரிஸிலிருந்து என் தங்கச்சியும் வருகிறாள். அவளைக் கண்டு பதினெட்டு வருடம்.

ஆழமில்லாத கடல், சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது என்று முகவர் பெண் படம் காட்டினாள்.

"பகலில் பிள்ளைகளைப் பார்க்க ஹோட்டலில் ஆட்கள் இருக்கிறார்கள். பெயர் எழுதவா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மகனும் பிரெஞ்சிலேயே, "தேவையில்லை, அம்மா வாறா தானே" என்றான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் மூன்று பேரப்பிள்ளைகளையும் ஏழு வருடம் பிள்ளைகள் காப்பகத்துக்குக் கூட்டிப்போய் வந்தவள். அங்கே எல்லாம் பிரெஞ்சுதான்.

"உய் மதாம், ஓம், மூன்று பேரையும் எழுதுங்கோ" என்றேன், நானும் பிரெஞ்சில்.

மகன் திகைத்துப் போனான். "அம்மா, உங்களுக்கு விளங்கினதோ?"

"ஓம் தம்பி. நான் தங்கச்சியோட கதைக்க வாறன். எங்கள் ரெண்டு பேருக்கும் தனி அறை போடச் சொல்லு."

போட்டாயிற்று.

இத்தனை வருடமும் என் முன்னால் பிரெஞ்சில் தாங்கள் என்னென்ன கதைத்தோம் என்று மகனும் மருமகளும் இப்போது சமையல் குசினியில் இருந்து யோசிக்கிறார்கள்.

உங்கள் வீட்டு அம்மாவுக்கும் ஒன்றும் விளங்காது என்றா நினைக்கிறீர்கள்?