நேசன் செய்த பேய் ஊரும் வெட்டப்பட்ட வரியும்

நேசன் போய்விட்டார். ஞாயிறு காலை, டோர்ட்மண்ட் வைத்தியசாலையில்... இதயம்.

இன்று வாட்ஸ்அப்பில் மரண அறிவித்தல் வந்தது. வாசித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

இங்கே ஜெர்மனியில் எங்கள் சனத்தில் யார் இறந்தாலும் அறிவித்தலை என்னிடம்தான் எழுதத் தருவார்கள். ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர், பிழை விடமாட்டா என்ற நம்பிக்கை. நேசனுக்கும் நானே எழுதிக் கொடுத்தேன்.

அதில் ஒரு வரி இருந்தது. "சால்ஸ்டோர்ஃப் என்னும் கணினி விளையாட்டின் ஊரையும் பேய்களையும் உருவாக்கியவர்."

வந்த அறிவித்தலில் அந்த வரி இல்லை. "கணினித்துறையில் பணியாற்றியவர்" என்று இருக்கிறது.

உடனே நேசனின் தமையன் பரமண்ணைக்கு போன் எடுத்தேன்.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. பேய் கேம் செய்தவர் எண்டு போட்டா சனம் சிரிக்குமெல்லோ."

"ஆர் சிரிக்கிறது, அண்ணை?"

"நாலு சபைக்குப் போறனாங்கள் ரீச்சர். விடுங்கோ. முப்பத்தோராம் நாளிலை குடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தையும் நீங்கள்தான் வடிவா எழுதித் தரவேணும்."

வடிவாக எழுத வேண்டுமாம்...

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு மேசன் இறந்தால் அவர் கட்டிய வீட்டைக் காட்டுவோம். "கட்டடத்துறையில் பணியாற்றியவர்" என்று எழுதிவிட்டு, வீட்டைத் துணி போட்டு மூடுவோமா?

பலருக்குத் தெரியாது. நேசன் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சித்திரம் படிப்பித்தவர். கிழமை நாட்களில் ஒரு சின்ன ஜெர்மன் கேம் கம்பனியில் வேலை.

அங்கே அவர் செய்ததுதான் சால்ஸ்டோர்ஃப். உப்பு ஊர் என்று பொருள். திகில் கேம், ஆனால் சுட்டுவிட்டு ஓடுகிற வகை இல்லை. ஒரு ஆளாக அந்த ஊருக்குள் போய், ஊராரோடு கதைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறமை வளர்க்க வேண்டும். ரோல் பிளேயிங் என்பார்கள்.

ஒரு இடைவேளையில், ஆசிரியர் அறையில், மடிக்கணினியை என் முன்னால் வைத்தார். திரையில் ஓட்டு வீடுகள், பனிமூட்டம், நடுவில் எங்கள் ஊரில் இருப்பதுபோல் ஒரு துலாக் கிணறு.

"ஜெர்மன் ஊரிலை துலா எப்பிடி வந்தது, நேசன்?"

"எனக்கு வேறை கிணறு கீறத் தெரியாது ரீச்சர்."

ஒரு வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பதில் சொல்லும் பட்டனை அழுத்தினேன். திரை கறுத்துப் போனது.

"ரீச்சர் செத்துப்போனா!" கைதட்டிச் சிரித்தார். "கூப்பிட்டவுடனை ஓம் எண்டுறதோ? வீட்டிலை சொல்லித் தரேல்லையோ?"

அப்போதுதான் விளங்கியது. பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும். மூன்றாந்தரமும் கூப்பிட்டால் அது மனிதர். சின்ன வயதில் எங்கள் எல்லாருக்கும் சொல்லப்பட்டதுதான்.

அந்த ஒன்றை வைத்து ஒரு முழு ஊரையே கட்டியிருந்தார். பொறுமை உள்ளவர் பிழைப்பார், அவசரப்பட்டவர் சாவார்.

ஜெர்மன்காரர் எல்லாரும் முதல் தரமே பதில் சொன்னார்கள். பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர், "காரணமே இல்லாமல் ஆளைக் கொல்கிறது, ஏதோ புரோகிராம் பிழை" என்று எழுதினார். திரையில் ஒரு விளக்கம் போடச் சொல்லிக் கம்பனி கேட்டது. நேசன் மாட்டேன் என்றார்.

"பேய்க்குப் பக்கத்திலை ஆரும் போர்ட் நட்டு வைப்பினமோ ரீச்சர்?"

கேம் விற்கவில்லை. கம்பனி மூடியது. நேசன் லாகரில், சாமான் களஞ்சியத்தில், பெட்டி தூக்கப் போனார்.

ஆனால் எங்கள் ஆட்கள் அவருக்குச் செய்ததற்கு இது பக்கத்திலும் வராது.

"பிள்ளையளுக்குப் பேய் காட்டுறார்" என்று சில பெற்றோர் முறைப்பாடு செய்தார்கள். பள்ளி நிர்வாகக் கூட்டம் வைத்து, சித்திர வகுப்பை அவரிடமிருந்து எடுத்தார்கள். தலைவர் கதிரையில் இருந்தவர் இதே பரமண்ணைதான்.

அந்தக் கேமை விளையாடிப் பார்த்தவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார்... நான்.

நான் பிளாஸ்கிலிருந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஆக, பரமண்ணையை மட்டும் ஏசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பின்னால் நேசனின் குரல். "ரீச்சர்."

பிறகும், "ரீச்சர்."

மூன்றாந்தரமும் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. திரும்பாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு கடையில் கண்டால் "சுகமோ" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

கேமை முடித்தால் கடைசியில் அவருடைய முழுப்பெயர் வருமாம். எங்களில் ஒருவரும் முடிக்கவில்லை. அவர் தந்த டிஸ்க் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. இப்போது இருக்கும் கணினியில் அதைப் போட இடமே இல்லை.

காலையிலிருந்து RIP, RIP என்று மூன்று எழுத்துப் போடுகிறவர்களே... இந்தப் பதிவுக்குக் கீழே அதைப் போடாதீர்கள். பழைய கணினி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், டிஸ்க்கோடு வருகிறேன்.

பரமண்ணை, நீங்கள் இதை வாசிப்பீர்கள். அந்த வரி இல்லாமல் கல்வெட்டு எழுத மாட்டேன். வேறு யாரிடமாவது எழுதுவித்தால், அந்த ஒரு வரியை நானே அச்சடித்து, மண்டப வாசலில் நின்று எல்லார் கையிலும் கொடுப்பேன். சனம் சிரிக்கட்டும்.

நேசன்...

நேசன்...

நேசன். ரீச்சர்தான் கூப்பிடுகிறேன்.

போய்வாங்கோ.