எனக்கு மட்டும் சட்டம்

என் கணவருக்கு என்னைவிடப் பிரியமானது ஒரு வயர்லெஸ் பெட்டி. இரண்டாயிரத்துக்குப் பிறகு, நாங்கள் கொடைக்கானலுக்குக் குடிவந்த புதிதில், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார வாத்தியாரிடம் வாங்கியது. பொழுதுபோக்காக வயர்லெஸ் வைத்திருப்பவர்களுக்குத் தரும் லைசன்சும் இவரிடம் இருந்தது. ரிப்பேர் கடையை மூடிவிட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். பெட்டி தானாகவே அலைவரிசை மாற்றி மாற்றித் தேடும். போலீஸ், வனத்துறை என்று யார் யாரோ பேசுவது அதில் கேட்கும்.

அதைக் கேட்டு அவர் சிரிப்பார். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! போலீஸ் கண்ட்ரோல் ரூமில் ஒரு பெண் பேசுவாள். ஹெட்போன் ஓரத்தில் அவள் குரல் கசியும். அப்போது மட்டும் இவர் நிமிர்ந்து உட்கார்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அப்படி என்னதான் சொல்றா அவ?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது. நமக்குன்னு வராத சேதி காதுல விழுந்தா அதோட மறந்துரணும். சட்டம்."

"பொண்டாட்டி வெளியாளா?"

"லைசன்ஸ் எம் பேருலதான இருக்கு."

இதற்கு மேல் என்ன பேச? பஸ் ஸ்டாண்டுக்குள் காட்டெருமை புகுந்தாலும் மறுநாள் காய்கறிக் கடையில்தான் எனக்குத் தெரியவரும். முந்தின நாளே அந்தச் சேதி என் வீட்டுக்குள் வந்து இவர் காதோடு நின்றிருக்கும்.

ஓர் ஐப்பசி மழையில், சாயங்காலம், கீழ்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். அவள் புருஷன் பூண்டி என்ற மலைக்கிராமத்திலிருந்து வெள்ளைப்பூண்டு ஏற்றிவரும் லாரி டிரைவர். மத்தியானமே வரவேண்டியவர் வரவில்லை.

"ஏதோ லாரி உருண்டுருச்சுன்னு பேசிக்கிறாங்கண்ணே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இவர் ஹெட்போனைக் கழற்றினார். "அழாதம்மா. லாரி ஒண்ணும் உருளல. மரம் விழுந்து ரோட்டுல கெடக்கு. வண்டியெல்லாம் அந்தப் பக்கம் நிக்கிது, ஆளுக நல்லாருக்காங்க. வெரசா வெட்டி எடுத்துருவாங்க. இப்பத்தான் பேசிக்கிட்டாங்க."

அவளுக்கு உயிர் வந்தது. அவள் புருஷன் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருஷக்கணக்காக நான் கேட்டுக் கிடைக்காதது அவளுக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டதே!

நன்றி தாங்காமல் அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்த வாரமே போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்தார். இவர் மறுக்கவில்லை. "காதுல விழுந்துச்சு, சொல்லிட்டேன். தப்புத்தாங்க" என்று கைகட்டி நின்றார். போலீஸ்காரர் எச்சரித்து விட்டுவிட்டார். பெட்டியை மட்டும் எடுத்துப் போனார்.

மேசை காலியானது. நான் எவ்வளவு ஆசைப்பட்ட காட்சி! ஆனாலும் மனம் ஆறவில்லை. நான் சொல்லி ஒரு நாளும் அணைக்காத பெட்டியை அவளுக்காகப் பறிகொடுத்திருக்கிறார்.

"எனக்கு மட்டும் சட்டம், அவளுக்கு இல்லையா?" என்று கேட்டே விட்டேன்.

"அந்தப் புள்ள அழுதுச்சுல்ல. வேற என்ன செய்யச் சொல்ற?"

கல்யாணமான நாளிலிருந்து நான் எதையும் சண்டை போட்டுத்தான் கேட்டிருக்கிறேன். அழுது கேட்க எனக்கு வராது.