டெய்லர் அக்கா எடுத்த அளவு

தொண்ணூறுகளின் நடுவில் என் அண்ணன் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டுப் பெருங்களத்தூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நாக்பூர், கல்கத்தா என்று பதினைந்து வருஷம் ஓடியவன். ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் மெலிந்து வந்தவன், அந்தத் தடவை வாசல் படி ஏறுவதற்கே மூச்சு வாங்கினான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, எய்ட்ஸ் என்றார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுகிற மருந்து அப்போது எதுவும் இல்லை.

அந்த நோய் எப்படி வரும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படி வராது என்பதுதான் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் என்னிடம் சொல்லித்தான் அனுப்பினார். அப்படியும் நான் அண்ணனுக்குப் பின்பக்கத்து அறையை ஒதுக்கினேன். தட்டு தனி, துணி காயப்போடும் கொடி தனி. சோற்றை நிலைப்படியில் வைத்துவிட்டு, "சாப்பிடுண்ணா" என்று சொல்லிக்கொண்டே திரும்பிவிடுவேன். என் கணவர்கூட அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நான்தான் எல்லாம் செய்தேன். கேட்டால் நாலு வயது மகளைக் காரணம் காட்டினேன்.

இரண்டு வீடு தள்ளி ஒரு டெய்லர் அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். காதிலும் கழுத்திலும் ஒன்றும் கிடையாது, எப்போதும் வெள்ளைப் புடவை. ரயில் பாதை ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன சர்ச்சுக்குப் போவார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்குத் தைத்த ரவிக்கைகளைக் கொண்டுவந்தவர், கொல்லையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, சட்டை இப்டித் தொளதொளன்னு கீது?"

அண்ணன் சிரித்தான். "இனிமே எனக்கு எதுக்குக்கா அளவுச் சட்டை? எங்க போவப் போறேன்?"

"எந்திரிப்பா. அளவு எடுத்துக்கறேன்."

நான் சமையலறையிலிருந்து சாடை காட்டி அவரை அழைத்தேன். "கிட்டப் போகாதீங்கக்கா. அவனுக்கு..." என்று இழுத்தேன்.

"தெரியும்மா. தெருவே பேசிகினு கீதே" என்றவர், தோளில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி கொல்லைக்கே போனார்.

அண்ணன் ஓரடி பின்னால் நகர்ந்தான். "தொடாதீங்கக்கா."

"தொடாம எப்டி அளவு எடுக்கறது? நான் இன்னா மந்திரமா போடறேன்? கையத் தூக்கு."

தோள், கை, மார்பு, கழுத்து என்று ஒவ்வொன்றாக அளந்தார். எனக்கு அளவெடுக்கும்போது நிமிஷத்தில் முடித்துவிடுகிறவர், அவனுக்கு நிதானமாக எடுத்தார். டேப் கழுத்தைச் சுற்றியபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். தாடையிலிருந்து கண்ணீர் சொட்டி அவர் கையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "அசையாத தம்பி, அளவு மாறிடும்" என்றார், அவ்வளவுதான்.

ஊசி போட்டவர்களைத் தவிர நாலு மாதமாக அவன்மேல் ஒரு மனிதக் கை படவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாலு மாதமும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன்.

வாசலில் அவரிடம், "உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"பயமாத்தாம்மா கீது" என்றார். "ஆனா எங்க ஆண்டவரு குஷ்டரோகிய மொதல்ல தொட்டாரு, அப்பறந்தான் சொஸ்தமாக்குனாரு. சொஸ்தமாக்க எனக்குத் தெரியாது. தொடத் தெரியும்."

அன்று சாயங்காலம் நகவெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணனுடைய அறைக்குள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னாடி திடீர்னு?" என்றான். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பத்து விரலுக்கும் வெட்டி முடிக்க வெகு நேரமாயிற்று, கண் சரியாகத் தெரியாததால்.

அக்கா தைத்துக் கொடுத்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் ஜி.எஸ்.டி. ரோடு வரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தான். அந்த வாரமே அக்காவிடம் கேட்டான். "நான் ரோட்டுல கண்டபடி வாழ்ந்தவங்க்கா. என்ன மாதிரி ஆளு உங்க சர்ச்சுக்கு வரலாமா?"

"உன்ன மாதிரி ஆளுங்கதான் அங்க ஃபுல்லா கீறாங்க. என்னையும் சேத்து."

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்து வருவான். அங்கே யாரோ கைகொடுத்தார்கள், யாரோ பிரியாணி பொட்டலம் கொடுத்தார்கள் என்று வந்து சொல்லுவான். நாங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். என் மகள் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு லாரிக் கதை கேட்டாள். அவன் உடம்பு இளைக்க இளைக்க, அக்கா மூன்று தடவை அந்தச் சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

அக்கா அளவெடுத்த பிறகு ஏழு மாதம் இருந்தான். ஐப்பசி மழையில் ஒரு காலை போய்விட்டான். சொந்தக்காரர்கள் வந்தார்கள், தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். தூக்குவதற்கு என் கணவரைத் தவிர ஆள் இல்லை. சர்ச்சிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அக்கா நனைந்தபடி வந்தார். "எல்லாம் உங்க மொறப்படியே செய்ங்கம்மா. எங்காளுங்க தோள் குடுப்பாங்க" என்றார். அவனைக் குளிப்பாட்டியதும் அவர்கள்தான், மயானம் வரை சுமந்ததும் அவர்கள்தான்.

நான் மதம் மாறவில்லை. மாறச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்றைக்கும் சாமி விளக்கேற்றும்போது அவருக்காகவும் கும்பிடுகிறேன். நான் தள்ளிவைத்த என் அண்ணனை ஏழு மாதத்துக்காவது எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

காரியம் முடிந்து, நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். மெஷினில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.