ஆணி இல்லாத படகு

"ஷேக்கின் அப்பா விழா நாட்களில் ஊர்வலம் போன படகு இது. கயிற்றால் மட்டுமே தைத்தது. ஒரு ஆணிகூடக் கிடையாது" என்றான் மியூசியத்துக் கைடு. பள்ளிக்கூட புராஜெக்டுக்காக என் மகள் அப்படியே எழுதிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மியூசியத்துக்கு வருமுன் அல் கூஸில் படகைப் பழுதுபார்த்த ஷெட்டில், ஒரு கோடை முழுக்க அதன் அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். உளுத்த பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகை வைத்து எஃகு ஆணி அடித்தோம். ஆணித் தலைகளைப் பட்டி பூசி மறைத்து, அதன்மேல் கயிற்றைப் பசையால் ஒட்டினோம். "ஆணி தெரியக் கூடாது பாய், ஜல்தி" என்று சூப்பர்வைசர் தலைமாட்டில் நின்று கத்துவான். மியூசியத்தில் வாயைத் திறந்தால் விசா கொடுத்த கஃபீலின் காதுக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்துதான் மகளிடம் சொன்னேன்.

"அதுல உள்ள ஆணியெல்லாம் அப்பா அடிச்சது. அதை எழுது."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மியூசியம் போர்டுல நோ நெய்ல்ஸ்னு இருக்குப்பா. மாத்தி எழுதினா மார்க் போயிடும்."

கத்தினேன். அவள் அழுதாள். மனைவி என்னைத்தான் திட்டினாள்.

காலையில் ஸ்கூல் பஸ் வந்து நிற்கும்போது மகள் நோட்டை நீட்டினாள். ஒரு ஆணிகூட இல்லை என்று முடித்திருந்தாள். அதற்குக் கீழே, பெற்றோருக்கான இடத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.