வேப்பமரத்தடிச் சிங்கம்

கவரைப்பேட்டை ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். உடம்பில் காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் டவுசர், தலையில் சிறுத்தைப் புள்ளி போட்ட தொப்பி. மாற்றிக்கொள்ளலாம் என்றால் சொந்தச் சட்டையைக் காலையில்தான் துவைத்திருந்தேன். ஈரமாகப் பைக்குள் கிடந்தது. எருமை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தவர் என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

“இன்னா சார், ஃபாரஸ்ட்டா?”

“இல்லைங்க. சஃபாரி.”

“அது இன்னா டிபார்ட்மெண்ட்டு?”

சொல்ல ஆரம்பித்தால் ரயில் போய்விடும் என்று நடந்தேன்.

அன்று ஆடிப்பெருக்கு. காலையில்தான் என் வேலை போயிருந்தது. ஜீப்பின் முன்னால் உட்கார்ந்து, புதருக்குள் சிங்கமும் வரிக்குதிரையும் எங்கே நிற்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை.

நான் எட்டாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு இரும்பு உருக்கும் ஆலை, செங்கல் சூளை, இறால் பண்ணை என்று பத்து வேலை பார்த்தாயிற்று. ஆலையில் முழங்கைக்குக் கீழே தோல் போனது. சூளையில் ஒரு மழைக்காலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடு. எதை விட்டு வந்தபோதும் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. இந்த வேலையில் மட்டும் இருந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். தூங்கத் தகரக் கொட்டகை, மனை பார்க்க வருகிறவர்களுக்குப் போடும் பிரியாணியில் எனக்கும் ஒரு பொட்டலம், எல்லாவற்றுக்கும் மேல் உட்கார்ந்தபடி செய்கிற வேலை.

வேலிக்காத்தான் முள் மண்டிய நிலத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். ஆடி மாதத்தில் யாரும் மனை வாங்க மாட்டார்கள். சும்மா சுற்றிப் பார்க்கவாவது ஆளைக் கூட்டி வர வேண்டும் என்று மனை விற்கும் கம்பெனியின் மேனேஜர் யோசித்தார். சாப்பிடும்போதும் செல்போனில் ஆப்பிரிக்கக் காட்டு வீடியோ பார்க்கிற மனுஷன். “அங்கயும் இதே முள்ளுதாம்பா” என்றார். மூடிப்போன ஏதோ ஒரு பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து ஆறு ஃபைபர் மிருகங்கள் லாரியில் வந்து இறங்கின. ஆப்பிரிக்காவில் ஜீப்பின் மூக்கில் ஒரு சீட்டு இருக்குமாம். மிருகம் தேடுகிறவன் அதில் உட்காருவானாம். மேனேஜர் வெல்டிங் பட்டறைக்குப் போய் ஒரு பழைய மொபெட் சீட்டை பம்பர் மேல் பற்றவைத்துக்கொண்டு வந்தார். அதுதான் என் இடம்.

வேலைக்கு ஒரு முறை இருந்தது. மிருகம் எங்கே என்று நான் சொல்லக் கூடாது. கையை மட்டும் தூக்க வேண்டும். ஜீப் நிற்கும். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு முள்ளுக்குள் பார்ப்பார்கள். யார் முதலில் பார்த்துக் கத்துகிறார்களோ, அவர்கள் அந்த மிருகத்துக்குப் பக்கத்து மனையை விசாரிப்பார்கள் என்பது மேனேஜரின் கணக்கு. அது பலித்தும் இருந்தது. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் நான் ஓடிப்போய் வரிக்குதிரைகளை இடம் மாற்றி வைப்பேன். ஒட்டகச்சிவிங்கியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் தலை மெயின் ரோட்டிலிருந்தே தெரியும்.

ஒரு நாள் நிஜ நரி ஒன்று ஜீப்புக்கு முன்னால் பாதையைக் கடந்தது. எனக்குக் கை தானாகத் தூக்கிக்கொண்டது. பின்னாலிருந்து ஒருவர், “நாய்க்கெல்லாம் வண்டிய நிறுத்தாதப்பா” என்றார்.

தப்பு செய்தவன் நான்தான். சிங்கத்தை முள்ளுக்குள் வைக்கச் சொன்னார் மேனேஜர். வெயிலில் அதன் முதுகுப் பெயிண்ட் உரிந்தது. மனையிலேயே நிழல் என்று இருந்தது ஒரு வேப்பமரம். மத்தியானம் நான் படுக்கிற இடமும் அதுதான். சிங்கத்தைத் தூக்கிப்போய் அதன் அடியில் வைத்தேன். வேப்பமரத்தடியில், கிழக்குப் பார்த்து, ஆடி மாதத்தில்.

முதல் வெள்ளிக்கிழமை அதன் நெற்றியில் குங்குமம் இருந்தது. துடைத்தேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. கழற்றி, ஜூஸ் போட்டுக் குடித்தேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “நாளைக்கு நல்ல நாளு. ஆடியில புக்கிங் வந்தா அந்த ஒரு நாள்தான். மூணு பேராவது புக் பண்ணணும். இல்லன்னா சஃபாரிய மூடச் சொல்ட்டாரு ஓனரு. நீயும் கெளம்ப வேண்டியதுதான்.”

விடிந்ததும் சிங்கத்தைத் துடைக்கப் போனேன். அதை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டியிருந்தார்கள். இடுப்பில் மஞ்சள் துணி. திறந்த வாயில் ஒரு கொத்து வேப்பிலை. பக்கத்து ஊரில் நெல் பயிரிட்டிருக்கும் ஒரு அம்மா மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள்.

“அம்மா, இது பொம்மம்மா. ஃபைபரு. உள்ள ஒண்ணும் கெடையாது.”

“எங்க ஊரு கோயில் சிங்கம் மட்டும் இன்னாவாம்? சிமெண்ட்டுதான? அதுக்கு ரத்தமா ஓடுது?”

“நாந்தாம்மா இத இங்க வச்சேன். நெழலுக்கு.”

“உன்ன வைக்க வச்சது யாரு நைனா?” என்றார் அந்த அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே. “வாகனம் வந்துட்ச்சி. பின்னாலயே அவளும் வருவா. நீ அந்தாண்ட நவுரு, பொகை அடிக்குது.”

சரி, சிங்கம் இல்லாமலே ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஜீப்பில் மூன்று குடும்பங்கள் வந்தன. காண்டாமிருகத்தைக் காட்டினேன், யானையைக் காட்டினேன். வேப்பமரம் வரும் திருப்பத்தில், மரத்துப் பக்கம் போகாமலிருக்க, இடது பக்கம் கையைக் காட்டினேன். ஜீப்பை ஓட்டிய மேனேஜர் திருப்பப் போனார். அப்போது பம்பைச் சத்தம் கேட்டது.

திருநின்றவூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்று, “ஏங்க, சிங்கம்! அதோ!” என்று கத்தினார். முறைப்படி அவர்தான் முதலில் பார்த்தவர். அடுத்த நொடி செருப்பை ஜீப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி நடந்தார். மற்றவர்களும் போனார்கள். அவருடைய வீட்டுக்காரர் மட்டும் கையில் மனை வரைபடத்தை விரித்துக்கொண்டு மேனேஜரிடம் வந்தார்.

“சார், நாங்க பாத்து வச்ச மனை கோயிலுக்கு நேர் எதிர்க்க இருக்குது. அங்க எப்டி சார் ஊடு கட்றது?”

“கோயில் இல்ல சார். சஃபாரி.”

“சஃபாரியில கூழு ஊத்துவாங்களா சார்?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தேன்.

மேனேஜர் வரைபடத்தில் பக்கத்து மனைகளைக் காட்டினார். “இது எதிர்க்க இல்ல சார், பக்கவாட்டுல.” கோயில் நிழல் விழும் என்றார் வீட்டுக்காரர். “அது ஒரு சிங்கம் சார், இன்னா நெழலு விழும்?” இன்று சிங்கம், நாளைக்குக் கோபுரம் என்றார். அவர் சொன்னதும் மற்ற இரண்டு குடும்பங்களும் தலையாட்டின. எல்லாரும் கூழ் குடித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவரும் புக் பண்ணவில்லை.

அவர்களை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு மேனேஜர் திரும்பி வந்தார். “இப்பவே தூக்குடா அத. ஜீப்ல போடு.”

பெண்கள் யாரும் தடுக்கவில்லை. நகர்ந்து வழி விட்டார்கள். “தூக்கட்டும்” என்றார் அந்த அம்மா. “தூக்கினப்புறம் அவன் பாடு.” ஒற்றை ஆளாக நான் தூக்கி வந்து வைத்த சிங்கம்தான். உள்ளே வெறும் காற்று. தூக்கிவிட்டால் சாயங்காலத்துக்குள் இன்னொரு நடை ஓட்டலாம், மூன்று பேர் புக் பண்ணினால் நாளைக்கும் எனக்குக் கொட்டகை உண்டு என்று தெரியும். இரண்டு கையையும் அதன் வயிற்றுக்கடியில் கொடுத்தேன். மஞ்சள் ஈரம் ஒட்டியது. “கனமா இருக்கு சார்” என்றேன்.

“பொய் சொல்றியா? தள்ளுடா பேஜாரு” என்று மேனேஜரே வந்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். சிங்கத்துக்கு இரண்டடி முன்னால் நின்று, செருப்பைக் கழற்றினார். கழற்றிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. வெறுங்காலோடு கிட்டே போனார். குனிந்து, தட்டிலிருந்து ஒரு துளி குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பாமலே, “தொப்பிய நீயே வச்சுக்கோ, கெளம்பு” என்றார்.

அந்த அம்மா எனக்கு ஒரு சொம்பு கூழ் கொடுத்தார். குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போனேன். ஒரு கம்பெனி கேட்டில் காண்ட்ராக்டர் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு முன்னால இன்னா வேல பாத்த?”

“மிருகம் பாக்கிற வேலை.”

தொப்பியைப் பார்த்தார். “பாம்பு பாப்பியா?”

“பாப்பேன்.”

காம்பவுண்டுக்குள் இடுப்பளவு புல். வெட்டுகிற மெஷினுக்கு முன்னால் கம்பால் தட்டிக்கொண்டே ஒருவன் நடக்க வேண்டும். முந்தைய ஆளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். இரண்டும் இடதுகால். மாட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினேன்.